அட்வான்ஸ் டாக்ஸ்: தவணை தவறியவர்களும் தவணையே தெரியாதவர்களும்

நிதியாண்டு முடிவதற்குள்ளேயே தவணை தவணையாகக் கட்ட வேண்டிய வருமான வரிதான் அட்வான்ஸ் டாக்ஸ். அதைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி, 'நான் கட்ட வேண்டுமா?' என்பது. மீதி, 'கட்டாமல் விட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது?' என்பது. இந்த முறை இரண்டும் கலந்து வந்திருக்கின்றன. கீழே வரும் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறை விகிதப்படி போட்டவை.

கேள்வி: வீட்டிலிருந்தபடி நிறுவனங்களுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருகிறேன். ஒரு மாதம் பணம் வரும், ஒரு மாதம் வராது. வருஷம் முடிவதற்கு முன்பே எவ்வளவு வரி என்று எனக்கு எப்படித் தெரியும்? – வாசகி, மதுரை

தெரியாதுதான். உத்தேசமாக மதிப்பிட்டுக் கட்டச் சொல்கிறதே தவிர, துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. அந்த மதிப்பீட்டை யாரிடமும் தாக்கல் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

செலவு போக இந்த ஆண்டு 14 லட்சம் ரூபாய் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், 40,000. மிச்சமுள்ள 2 லட்சத்துக்கு 15 சதவீதம், 30,000. ஆக 90,000. அதன் மேல் 4 சதவீத செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) 3,600 சேர்த்தால் 93,600 ரூபாய். உங்களுக்குப் பணம் தரும் நிறுவனங்கள் வருஷம் முழுக்க 40,000 ரூபாய் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள் என்றால், நீங்கள் கட்ட வேண்டியது 53,600. இந்த மீதித் தொகை 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியாக வேண்டும்.

ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். இவை ஒவ்வொன்றும் அதுவரை கட்டியதையும் சேர்த்த சதவீதம். பலர் இங்கேதான் குழம்பி, செப்டம்பரில் தனியாக 45 சதவீதம் கட்டிவிடுகிறார்கள். உங்கள் கணக்கில் ஜூனில் 8,040, செப்டம்பரில் 16,080, டிசம்பரில் இன்னொரு 16,080, மார்ச்சில் 13,400.

சரி, ஆகஸ்டில் பெரிய வேலை ஒன்று வந்து, கட்ட வேண்டிய வரி 70,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 15-க்குள் 70,000-இல் 45 சதவீதம், அதாவது 31,500 உள்ளே போயிருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய 8,040 போக 23,460 கட்டினால் போதும். ஜூன் தவணையைப் பொறுத்தவரை, வட்டியைக் கடைசியில் வரும் வரியை வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்தத் தவணையில் 12 சதவீதமாவது கட்டியிருந்தால் வட்டி கிடையாது (செப்டம்பருக்கு இதே சலுகை 36 சதவீதம்). 70,000-க்கு 12 சதவீதம் என்றால் 8,400. நீங்கள் கட்டியது 8,040, கொஞ்சம் குறைவு. அதனால் 15 சதவீதமான 10,500-க்கும் 8,040-க்கும் உள்ள வித்தியாசம் 2,460-க்கு, நூறு ரூபாய்க்குக் கீழ் உள்ளதை விட்டுவிட்டு, 2,400-க்கு மாதம் 1 சதவீதம் வீதம் 3 மாத வட்டி வரும். 72 ரூபாய். இதற்குப் பயந்து ஜூனிலேயே அள்ளிக் கட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் பிடிக்க வேண்டிய நிறுவனம் பிடிக்காமல் முழுப் பணத்தையும் உங்களிடம் கொடுத்திருந்தால், 'அவர்கள்தானே பிடித்திருக்க வேண்டும்' என்று அந்தத் தொகையை உங்கள் கணக்கில் கழிக்க முடியாது. அதற்கும் சேர்த்து நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: செப்டம்பர் தவணையை மறந்தே போனேன். 20-ஆம் தேதிதான் நினைவு வந்தது. உடனே கட்டினால் வட்டி குறையுமா?

குறையாது. செப்டம்பர் 15 தாண்டி ஒரு நாள் ஆனாலும், பற்றாக்குறைத் தொகைக்கு 3 மாத வட்டிதான். மேலே சொன்ன 53,600 ரூபாய் கணக்கில் ஜூன் தவணையை மட்டும் கட்டியிருந்தால் பற்றாக்குறை 16,080. அதற்கு 480 ரூபாய் வட்டி. அதை 16-ஆம் தேதி கட்டினாலும் நவம்பரில் கட்டினாலும் இந்த 480 மாறாது. ஆகவே பதறி, கடன் வாங்கிக் கட்டாதீர்கள். டிசம்பர் 15-க்குள் மொத்தத்தில் 75 சதவீதம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டால் போதும். டிசம்பர் தவணைக்கு 12, 36 சதவீதம் போன்ற சலுகை எதுவும் கிடையாது. (15-ஆம் தேதி வங்கி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் கட்டலாம். அதற்கு வட்டி இல்லை.)

ஆனால் நிதியாண்டு முடிந்துவிட்டால் கதை வேறு. மார்ச் 31-க்குள், டிடிஎஸ் போக நீங்கள் கட்ட வேண்டிய வரியில் 90 சதவீதமாவது கட்டப்படாமல் இருந்தால், ஏப்ரல் 1 முதல் மாதா மாதம் 1 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். மாதத்தில் ஒரு நாள் போனாலும் முழு மாதக் கணக்குதான். 75 சதவீதத்தோடு நிறுத்திவிட்ட ஒருவருக்கு 13,400 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 'ரிட்டர்ன் போடும்போது சேர்த்துக் கட்டிக்கலாம்' என்று ஜூலை 20 வரை இருந்தால் 4 மாத வட்டி, 536 ரூபாய். ஏப்ரலுக்குள் கட்டினால் 134. தள்ளிப்போடுவதால் நஷ்டம் வருவது இங்கேதான். ஆனால் நம் ஆட்கள் செப்டம்பரில் பதறுவார்கள், ஏப்ரலில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரன். நிலையான கழிவு போக வருமானம் 6 லட்சம். ஜனவரியில் பல வருடமாக வைத்திருந்த பங்குகளை விற்றதில் 5 லட்சம் லாபம். மொத்தம் 11 லட்சம்தான். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே? – வாசகர், கோவை

உங்கள் சம்பளத்துக்கு வரி இல்லை, உண்மைதான். பங்கு லாபத்துக்கு உண்டு. 12 லட்சம் வரை வரி வராமல் செய்யும் தள்ளுபடி, பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதம் உள்ள வருமானத்துக்குச் செல்லாது. பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால லாபத்தில் முதல் 1.25 லட்சம் போக, மீதி 3.75 லட்சத்துக்கு 12.5 சதவீதம் வரி: 46,875. செஸ் 1,875. ஆக 48,750 ரூபாய். பங்குச் சந்தையில் விற்கும்போது உங்கள் தரகர் இதைப் பிடித்திருக்க மாட்டார்.

ஜனவரியில் விற்கப்போகிறோம் என்று ஜூனிலேயே யாருக்கும் தெரியாது. அது சட்டத்துக்கும் புரிகிறது. அதனால் ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளுக்கு வட்டி இல்லை. மிச்சமிருக்கும் தவணையில், அதாவது மார்ச் 15-க்குள் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். மார்ச் 20-ஆம் தேதி விற்றிருந்தால் 31-க்குள். ஈவுத்தொகைக்கும் லாட்டரிப் பரிசுக்கும் இதே மாதிரிதான். அலுவலகத்தில் சொல்லி மீதி மாதச் சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்வதும் ஒரு வழி. மார்ச்சில் ஒரே அடியாக 48,000 எடுத்து வைப்பதை விட அது சுலபம்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பென்ஷனும் எஃப்.டி. வட்டியும் வருகின்றன. டிடிஎஸ் போகவும் 30,000 ரூபாய் வரி இருக்கும்போல. அவருக்கும் தவணை உண்டா?

இல்லை. இந்தியாவில் வசிக்கும், 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, தொழில் வருமானம் இல்லாதவரை அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாது. ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் அந்த 30,000-ஐக் கட்டினால் போதும், வட்டியும் வராது.

ஆனால் அப்பா ஓய்வு நேரத்தில் எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) பக்கம் போகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அது தொழில் வருமானம். அன்றே வாங்கி அன்றே விற்கும் பங்கு வர்த்தகமும் அப்படித்தான். அவை இருந்தால் இந்தச் சலுகை போய்விடும். வீட்டு வாடகை தொழில் வருமானம் ஆகாது, பயப்பட வேண்டாம்.

கேள்வி: சின்ன ஹார்ட்வேர் கடை. விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தேச லாபமாகக் காட்டும் முறையில் ரிட்டர்ன் போடுகிறேன். எனக்கும் நான்கு தவணையா? – வாசகர், ஈரோடு

உங்களுக்கு ஒரே தவணைதான், மார்ச் 15. அன்றைக்குள் முழு வரியும். 60,000 ரூபாய் கட்ட வேண்டியவர் அதைத் தவறவிட்டு மார்ச் 28-இல் கட்டினால் 600 ரூபாய் வட்டி. ஏப்ரல் 2-க்குப் போய்விட்டால் இன்னொரு 600.

கேள்வி: அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும்போது 'சுயமதிப்பீட்டு வரி' (ஆண்டு முடிந்த பின், ரிட்டர்னுக்கு முன் கட்டும் மீதி வரி) என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பணம் போயே போச்சா?

போகவில்லை, உங்கள் பான் எண்ணில்தான் இருக்கிறது. தவறான தலைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். வருமான வரி இணையதளத்தில் உள்நுழைந்து சலான் திருத்தம் கோரலாம். வரி வகையை மாற்ற, பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம், ஆண்டை மாற்ற 7 நாள்தான். அதைத் தாண்டினால் உங்கள் வரி அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது இழுக்கும்.

அந்த ஆண்டு விஷயத்தில் இப்போது புதிய தொல்லை ஒன்று வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் மதிப்பீட்டு ஆண்டு கிடையாது, 'வரி ஆண்டு' மட்டும்தான். 2025-26-இல் சம்பாதித்த பணத்துக்கான மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026-27-இல் சம்பாதிக்கும் பணத்துக்கான வரி ஆண்டும் 2026-27. எண் ஒன்று, வருமானம் வேறு. பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன், திரையில் இருப்பது மதிப்பீட்டு ஆண்டா வரி ஆண்டா என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். கட்டியதும் பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் குறியீட்டு எண்), சலான் எண், தேதி மூன்றும் உள்ள ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்னில் தொகை தானாக வராவிட்டால் அந்த மூன்றும்தான் கேட்கப்படும்.

கேள்வி: பயத்தில் அதிகமாகக் கட்டிவிட்டேன். திரும்ப வருமா?

வரும். ரிட்டர்னை உரிய நாளுக்குள் போட்டால், ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டியோடு வரும். திரும்ப வரும் தொகை உங்கள் வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் மட்டும் வட்டி இல்லை.