பென்சிலைக் கண்டாலே அழுகிறான்

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.யில் தினமும் இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறான். என்ன செய்ய?
- வாசகி, தென்காசி

பதில்: அவன் அழுவதில் நியாயம் இருக்கிறதம்மா. விரல் தசைகளே இன்னும் உறுதிப்படாத வயது. சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், கோலமாவில் விரலால் கிறுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழியில் புளியங்கொட்டை எண்ண வையுங்கள். அதுவும் கணக்குதான். ராத்திரி ஒரு கதை.

தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிறகுதான் ஒன்றாம் வகுப்பு. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்குமே பாட்டும் செயல்பாடுமாகத்தான் சொல்லித் தருகிறார்கள். உங்களுக்கு என்ன அவசரம்? எதிர்வீட்டுப் பையன் ‘இசட்’ வரை எழுதுகிறானா, சரி, எழுதட்டும்!

ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகவே ஓய்வு பெற்றவள் நான். டீச்சரிடம் நேரில் பேசுங்கள். பக்கத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.