பென்சில் இல்லாமல் வரும் பிள்ளைகள்

வகுப்பறைக் கேள்விகள்
பதில் அளிப்பவர்: பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பென்னாகரம்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். அஞ்செட்டி மலைப்பகுதியில் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பெற்றோரில் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவதால் பாட்டிகள்தாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பாதிப் பேரிடம் பென்சில் இல்லை. விலையில்லாப் பொருள்கள் வந்துசேரும்வரை என் சம்பளத்தில் வாங்கித் தருகிறேன். அதுவும் ஒரே வாரத்தில் காணாமல் போகிறது. எண்ணிப் பழக இருந்த ஒரே மணிச்சட்டமும் (கம்பியில் மணி கோத்த சட்டகம்) உடைந்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: தங்கைக்கு, முதலில் ‘பென்சில் எங்கே?’ என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்? பாட்டி கையில் அன்றைக்குச் சில்லறை இருந்திருக்காது. நாலு நாள் எல்லார் முன்னிலையிலும் தலைகுனிந்து நின்ற பிள்ளை ஐந்தாம் நாள் ஆட்டுக்குப் பின்னால் போய்விடும். அப்படிப் போனவர்களை வீடுவீடாகத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவள் நான்.

பென்சிலை வகுப்பின் பொதுச் சொத்தாக்கிவிடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, மேல் நுனியில் சிவப்பு நூல் சுற்றி, டப்பாவில் போடுங்கள். சின்னக் கைகளுக்குப் பாதிப் பென்சில் தாராளம். மாலை மணி அடிக்கும் முன் எண்ணி வைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் எழுத ஒன்றும் இல்லாததால்தான் பெரும்பாலும் பென்சில் பள்ளியிலிருந்து கிளம்புகிறது. அதைத் திருட்டு என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

மணிச்சட்டத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக்கா பஞ்சம்? மாசி, பங்குனியில் திண்ணைதோறும் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். ஒரு படி கொட்டை கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, வண்டு துளைத்ததைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். தாயம் ஆடத் தேய்ப்போமே, அதேபோல் ஒரு பக்கத்தைச் சிமென்ட் தரையில் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். பத்துக் கொட்டையைக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். நாலு வெள்ளை, ஆறு பழுப்பு. அடுத்த முறை ஏழும் மூன்றும். பத்து எப்படியெல்லாம் பிரியும் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக் கத்துவார்கள். பத்துப் பத்தாகக் கட்ட ஈர்க்குச்சி போதும். ஒன்றாம் வகுப்புச் சிறுசுகள் கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

இப்படியே ஒப்பேற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்வதாக எண்ணிவிடவேண்டாம். கற்பித்தல் கருவி, விளையாட்டுப் பொருள், நூலகம் எல்லாம் பள்ளியில் இருந்தாகவேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். அதற்கு மேல் 100 பேர் வரை 25,000 ரூபாய். நீங்கள் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் ஏட்டில் குறையே தெரியாது. நீங்கள் மாறுதலில் போனபின் வருகிறவரும் தன் சம்பளத்தைத்தான் எடுக்கவேண்டிவரும். ஆகவே சொந்தப் பணத்தை நிறுத்துங்கள். உடைந்ததையும் தீர்ந்ததையும் இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தாம். ஊரில் இருப்பவர்களைக் கூட்டி, பாட்டிமாரையும் பேசவைத்து, தீர்மானம் போடுங்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு நோட்டு தர முன்வந்தவர், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்கிறார். மறுக்கலாமா?
- ஓர் ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: மறுத்துவிடுங்கள். நோட்டைத் தலைமையாசிரியர் வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, ரசீது கொடுக்கட்டும். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து மனமார நன்றி சொல்லுங்கள். கைநீட்டி வாங்கும் படம் ஊரெல்லாம் சுற்றினால் அந்தப் பிள்ளைக்கு வளர்ந்த பின்பும் உறுத்தும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் பள்ளியில் படித்து ஓசூரில் வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.