கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) இடுப்பில் நழுவாமல் நிற்பது எப்படி? பெல்ட் போட்டால் போதுமா?

பெல்ட்டை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் அழகுக்குத்தான். ஸ்காட்லாந்து கில்ட்டைப் பிடித்து நிறுத்துவது அதன் தோல் வார்களும் பக்கிள்களும். அதற்கும் முன்னால், கட்டும் இடம் சரியாக இருக்க வேண்டும். ஜீன்ஸ் போடும் மட்டத்தில் கட்டினால் கட்டாயம் இறங்கும். இடுப்பெலும்புக்கு மேலே, ஏறக்குறைய தொப்புள் உயரத்தில் கட்டுங்கள். அங்கே உடல் ஒடுங்கிக் கீழே விரிகிறது. பின்மடிப்புகளும் அந்த வளைவுக்கேற்பத்தான் தைக்கப்பட்டிருக்கும்.

கில்ட்டின் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டையான துணிகளில் உள்ளே இருப்பது உள்மடிப்பு, மேலே இருப்பது வெளிமடிப்பு. உள்மடிப்பின் வாரை இடது பக்கத் துளை வழியாக வெளியே எடுத்து, அங்குள்ள பக்கிளில் நன்றாக இறுக்குங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வழக்கமான கில்ட்டில் 8 கஜம் வரை கம்பளித் துணி, அதில் பெரும்பகுதி பின்னால். உள்வார் தளர்ந்தால் அவ்வளவும் கீழே இழுக்கும். அப்புறம் வெளிமடிப்பைப் போர்த்தி வலது மேல்வாரை மாட்டுங்கள். மூன்றாவது வார் இருந்தால், துணி படிகிற அளவுக்குப் பிடித்தால் போதும். இழுத்துக் கட்டினால் பின்மடிப்புகள் வாய் பிளந்து நிற்கும்.

கில்ட் பின்னை (அலங்கார ஊசி) வெளிமடிப்பில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடிப்புகளையும் சேர்த்துக் குத்திவிட்டு உட்கார்ந்தால் துணி கிழியும்.