பழைய பேனாக்கத்திகளைச் சீராக்குதல்: கேள்வி பதில்

பேனாக்கத்திகளைப் பழுது பார்ப்பதில் நெடுநாள் பழக்கமுள்ள பாளையங்கோட்டைக்காரர் ஒருவர், நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): அண்ணாச்சி, கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் தாத்தாவின் பேனாக்கத்தி டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அலகு முழுவதும் துரு. அடிப்பகுதியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் தெரிகின்றன. வினிகரில் ஊறப்போடலாமா?

பதில்: ஊறப்போட வேண்டாம். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை, 1682இல் பதிவானது. அருகில் கிரீடமும் அதன் இரு புறமும் ‘வி’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால், விக்டோரியா அரசியின் காலத்தது, அதாவது 1901க்கு முற்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தால் 1913க்கு முன் செய்திருக்க வழியில்லை. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருவாக்கியதே அந்த ஆண்டில்தான். இந்த எழுத்துகள் மிக ஆழமின்றிப் பொறிக்கப்பட்டவை என்பதால், உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே வேண்டாம்.

செந்துரு வேறு, கறுப்பு வேறு. பொருக்காக எழும்பி விரலில் ஒட்டுகிற செந்துருதான் இரும்பைத் தின்பது. அதை மட்டும் அகற்ற வேண்டும். மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, மறுநாள் செம்புத் தகட்டின் ஓரத்தால் சுரண்டினால், செம்பு எஃகைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாமல் பொருக்கு மட்டும் பெயர்ந்து வரும். எஞ்சியதை 600ஆம் எண் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேய்க்கலாம். அடியில் தெரியும் சாம்பல் கலந்த கறுப்பு, மாம்பழமும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கி ஏறிய நிறம். அது துருவைத் தாமதப்படுத்துமே தவிரக் கெடுக்காது. அதையும் உரித்து வெள்ளி போலாக்கிய கத்திகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. வினிகரில் முழுக் கத்தியையும் போட்டால், புளிப்பு, பிடியின் முதுகுப் பக்கம் உள்ள ஸ்பிரிங்குக்கு அடியில் தங்கிவிடும்; வெளியே சுத்தமாகத் தெரியும் கத்தி உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி (உவரி): கடற்காற்றில் கிடந்த கத்தி திறக்கவே இல்லை. குறடு வைத்து இழுக்கலாமா, ஐயா?

பதில்: குறடு வைத்தால் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் சிதையும், அல்லது அலகே ஒடியும். மூட்டில் மட்டும் மண்ணெண்ணெய்ச் சொட்டு விட்டு, அலகு மடங்கியிருக்கும் பிடியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு துணி சுற்றிய விரலால் மயிரிழை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வெற்றி. கறுப்புக் குழம்பு வெளிவரும். அதை ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்து, சொட்டு விட்டு, மறுபடியும் அசையுங்கள். கடலோரக் கத்தியில் உப்பும் இருப்பதால், திறந்ததும் வெந்நீரில் கழுவி உடனே வெயிலில் உலர்த்திய பின்னரே எண்ணெய் விட வேண்டும்.

கேள்வி (தென்காசி): சந்தையில் மோட்டார் சாணையில் கொடுத்தேன். தீப்பொறி பறந்தது, நன்றாக வெட்டியது. ஒரு வாரத்தில் மொட்டையாகிவிட்டது. அலகின் ஓரம் நீலமாக இருக்கிறது. ஏன்?

பதில்: அந்த நீலம்தான் விடை. தோய்ச்சல் போட்ட, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய, எஃகை மெல்லச் சூடேற்றினால் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை ஒட்டி நீலமும் படரும். பேனாக்கத்தி அலகுக்கு வைக்கோல் நிறப் பதமே ஏற்றது; நீலம் ஸ்பிரிங்குக்கு உரிய பதம், வளையும், ஆனால் கூர் நிற்காது. விளிம்பு மிக மெல்லியது என்பதால், பிடித்திருக்கும் கைக்குச் சூடு தெரிவதற்குள் அது நீலமாகிவிடுகிறது. நிறத்தைத் தேய்த்து மறைத்தாலும் போன கடினம் திரும்பாது. உறுதி செய்துகொள்ள, சிறு அரம் ஒன்றை விளிம்பில் மெதுவாக வைத்துப் பாருங்கள்: வழுக்கினால் பதம் இருக்கிறது, கடித்தால் போய்விட்டது. நீலம் ஓரத்தோடு நின்றிருந்தால், கைக்கல்லில் பொறுமையாகத் தேய்த்து அந்த அளவுக்குப் பின்வாங்கலாம்; உள்வரை பரவியிருந்தால் கத்தியைக் கழற்றி மீண்டும் தோய்ச்சல் போட்டாக வேண்டும், அதை அனுபவமுள்ள கொல்லரிடம் விடுவதே நல்லது.

இனிமேல் எண்ணெய்க்கல்லில் கையாலேயே தீட்டுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அகல அலகானால், முதுகை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 20 டிகிரிச் சாய்வு கிடைக்கும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு நகத்தில் தட்டுப்படும். அப்போது பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும்.

கேள்வி (சங்கரன்கோவில்): அலகு இடமும் வலமும் ஆடுகிறது.

பதில்: மூட்டின் தறையாணி, அதாவது அலகைப் பிடியோடு இணைக்கும் ஆணி, தளர்ந்திருக்கிறது. பட்டடையில் வைத்து, ஆசாரிமார் வைத்திருக்கும் சிறு சுத்தியலால் ஆணித் தலையைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். நாலைந்து தட்டுக்கு ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். அலகுக்கும் பிடியின் உட்புறப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே முன்கூட்டியே காகிதத் துண்டு செருகினால், அதிகமாக இறுகாமல் அது தடுக்கும். ஓங்கி அடித்தால் ஆட்டம் போய்ப் பிடிப்பு வந்துவிடும், அதை இளக்குவது இன்னும் பெரிய வேலை. ஸ்பிரிங்கே முறிந்திருந்தால் பற்றவைப்பு பயன்படாது. பற்றவைக்கும் சூட்டில் அதன் பதமும் போய்விடும். புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

கேள்வி (திசையன்விளை): பிடி மஞ்சளாக, ஆமை ஓடு போல் இருக்கிறது. ஓரிடம் நொறுங்குகிறது. பனைச் சிராயால் மாற்றலாமா?

பதில்: பிடியை விரலால் பரபரவென்று தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அது மக்கும்போது அமில ஆவியை வெளியிடும், அதனால் பக்கத்து அலகும் துருவேறும். எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கருகேயும் வைக்காதீர்கள். மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

வைரம் பாய்ந்த பனை மிக நல்ல யோசனை. எனக்கு ஈட்டி மரத்தைவிட அதுவே பிடிக்கும். ஆனால் அதன் கறுப்பு நார் துளையிடும்போது பிளந்துகொள்ளும். பின்னால் ஒரு கட்டையை இறுகப் பிடித்து, மெல்லிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். நார் இடுக்குகளை அரால்டைட் பசையால் நிரப்பித் தேய்த்தால் நன்றாக மினுங்கும்.

கேள்வி (பாபநாசம்): மான் கொம்புப் பிடி வாங்கிப் பொருத்தலாமா, அண்ணாச்சி?

பதில்: வேண்டாம். மான் கொம்பு வியாபாரம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது; அதிலும் நீங்கள் புலிகள் காப்பகத்தின் வாசலிலேயே இருக்கிறீர்கள். எருமைக் கொம்பு போதும்.

கேள்வி (குற்றாலம்): சாரல் காலத்தில் எதைத் தடவி வைப்பது? தேங்காய் எண்ணெய் போதுமா?

பதில்: நாள்பட வைத்தால் தேங்காய் எண்ணெய் காறிப் பிசுக்காகும், மூட்டும் ஒட்டும். மூட்டுக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், அலகுக்கு அதே எண்ணெய் தொட்ட துணி. பழம் நறுக்கும் கத்தியானால் அலகைத் துடைத்துவிட்டு எடுங்கள். தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.