பாப்பா பி.ஃபார்ம் படிக்கட்டும், ஐயா

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மகளோடு வந்து பேசிப்போன ஐயாவுக்கு,

“நர்ஸ், டீச்சர்னா புரியுது. மூலிகையில மூளைக்கு மருந்து கண்டுபிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா சார்?” என்று கேட்டீர்கள். வேலைதான் ஐயா. மறதி நோய்க்கு எழுதிக்கொடுக்கும் கேலன்டமைன் மாத்திரை, ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் 2001இல் அனுமதி கொடுத்தார்கள். நம் ஊர் பூனைக்காலி விதையிலும் கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் எல்-டோபா என்ற மருந்து இருக்கிறது.

ஆனால் செடியில் மருந்து இருந்தால் மட்டும் போதாது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. பெரும்பாலான மருந்துகள் வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் காட்டில் விளையும் மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீரில் போட்டால் டம்ளரின் அடியில் தங்கிவிடும். காய்ந்த எண்ணெயில் போட்டால் நிறம் இறங்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். சாப்பிட்டால் கொஞ்சம்தான் ரத்தத்தில் ஏறும், ஏறியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகளுக்குள் வைத்து அனுப்பலாமா, மூக்கு வழியாகச் செலுத்தலாமா என்று ஆய்வுக்கூடங்களில் பார்க்கிறார்கள். இதைச் சொன்னபோதுதான் பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப எதுல ஏத்தி அனுப்புறதுங்கறதுதான் கேள்வியா சார்?” என்றாள். அந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

அதைச் சொல்லித்தரும் பிரிவுக்குப் பெயர் ஃபார்மசூட்டிக்ஸ். பி.ஃபார்ம் என்ற மருந்தியல் பட்டப்படிப்பு 4 வருடம், பிறகு எம்.ஃபார்மில் அந்தப் பிரிவு 2 வருடம், அப்புறம் பிஎச்.டி. தமிழ்நாட்டில் பி.ஃபார்முக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். விண்ணப்பிக்கும்போது, பி.ஃபார்ம் சொல்லித்தரும் சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளை முதலில் கேளுங்கள். எம்.ஃபார்முக்கான ஜிபேட் நுழைவுத் தேர்வில் தேறினால் எம்.ஃபார்ம் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பி.ஃபார்மோடு நின்றாலும் மருந்தாளுநராகலாம், ஓசூர், பெங்களூரு பக்கம் மருந்துக் கம்பெனிகளிலும் வேலை தேடலாம்.

நீங்கள் காட்டிய அந்த ஆறு மாத மூலிகை ஆராய்ச்சி சர்டிஃபிகேட் நோட்டீஸுக்குப் பணம் கட்டாதீர்கள். வேதியியல் இல்லாமல் இந்தத் துறையில் ஒரு அடிகூட வைக்க முடியாது.

பாட்டியின் மாத்திரையை நிறுத்திவிட்டு வல்லாரைச் சாறு கொடுக்கலாமா என்று போகும்போது கேட்டீர்கள். வேண்டாம் ஐயா. மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதென்றாலும் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே கொடுங்கள்.