இடுப்பை ஆட்டினால் பாட்டு பொய்யாகிவிடுமா?

கே: ஃப்யூச்சர் ஐலண்ட்ஸ் என்ற அமெரிக்க இண்டி ராக் குழு, டேவிட் லெட்டர்மேன் நடத்திய இரவு நேர அரட்டை நிகழ்ச்சியில் பாடியதை ஆளாளுக்குப் புகழ்கிறார்களே என்று யூட்யூபில் பார்த்தேன். பாடகர் முழங்காலை மடக்கி இடுப்பை ஆட்டுகிறார், மார்பில் குத்திக்கொள்கிறார், திடீரென்று பேய் பிடித்தவர் போல உறுமுகிறார். கேமராவைப் பார்த்ததும் போட்ட நாடகம்தானே இது? பாட்டில் சரக்கு இருந்தால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு?
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

ப: நாடகம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ‘கேமராவைப் பார்த்ததும்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

நீங்கள் பார்த்தது 2014 மார்ச் 3 அன்று ஒளிபரப்பானது. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சிகளில் அந்தக் குழு தலைகாட்டியது அதுதான் முதல் தடவை. ஆனால் குழு தொடங்கியது 2006-ல். நடுவில் எட்டு வருடம் சின்னச் சின்னக் கிளப்புகளில், கேமரா எட்டிப் பார்க்காத இடங்களில், இதே ஆட்டத்தைத்தான் அந்தப் பாடகர், சாமுவேல் ஹெரிங், ஆடிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிக்குத்தான் அது புதிது.

வேஷம் என்று சொல்வதானால் இன்னும் பின்னால் போக வேண்டும். 2003-ல், வட கரோலினாவில் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது இவர்கள் ‘ஆர்ட் லார்ட் அண்ட் தி செல்ஃப் போர்ட்ரெய்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் ஹெரிங் தலைக்கனம் பிடித்த ஓர் ஓவியனாக வருவார். வெள்ளை சூட்டு, படிய வாரிய தலை, போதாததற்கு ஜெர்மன் உச்சரிப்பு வேறு. அது அசல் வேஷம். லெட்டர்மேன் மேடையில் நின்றவரோ பேன்ட்டுக்குள் சொருகிய கறுப்பு டி-ஷர்ட்டோடு, முன்நெற்றி ஏறத் தொடங்கிய, பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி ஓர் ஆள். சூட்டையும் உச்சரிப்பையும் கழற்றிப் போட்ட பிறகு மிஞ்சியதைத்தான் நீங்கள் நடிப்பு என்கிறீர்கள்.

மறுபடி ஒருமுறை பாருங்கள், இந்தத் தடவை பாடகரை விட்டுவிட்டு மற்றவர்களை. கீபோர்டில் கெரிட் வெல்மர்ஸ், பேஸில் வில்லியம் கேஷியன். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல அசையாமல் நிற்கிறார்கள். மேடையில் பேஸ் தவிர வேறு கிதார் கிடையாது. ஒரு ராக் மேடையில் முன்னால் வந்து முகத்தைச் சுளித்து சோலோ வாசிக்கிற வேலையை கிதார் கலைஞர் செய்வார். இங்கே அந்த இடம் காலி. பேஸும் கீபோர்டும் ஒரே சீராக ஓட, பாட்டு ஏற வேண்டிய இடத்தில் ஏறுவதற்குத் தொண்டையும் உடம்பும் மட்டும்தான் இருக்கின்றன. அந்த உறுமல் வருகிற இடத்தைக் கவனியுங்கள். வேறொரு குழுவில் கிதார் அலறியிருக்கும்.

அப்புறம், அந்த மேடையின் நிலவரத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரவில் வருகிற நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். அரங்கில் இருப்பவர்கள் லெட்டர்மேனைப் பார்க்க வந்தவர்கள். கடைசியில் ஒரு பாட்டு, நாலு நிமிஷம், முடிந்தது. லெட்டர்மேன் அரங்கைக் குளிர்பெட்டி மாதிரி வைத்திருப்பதில் பேர்போனவர் வேறு. இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலான குழுக்கள் ஒழுங்காக வாசித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும். யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஹெரிங் கிளப்பில் ஆடுவதை இங்கே குறைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் லெட்டர்மேன் இன்னும் இருந்தால் கொண்டா என்கிற தோரணையில் குதூகலித்தார். இத்தனை வருடமாக எத்தனையோ குழுக்களைப் பார்த்துச் சலித்த மனிதர் அவர்.

இன்னொன்று. அந்த அரங்கின் பெயர் எட் சல்லிவன் தியேட்டர். அதே சல்லிவன் அந்தக் காலத்தில் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் 1957 ஜனவரியில் ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். இடுப்பு ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி பயந்த காலம். உங்கள் கேள்வியில் அந்தக் கேமராமேனின் வாடை லேசாக அடிக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேமராவுக்கென்றே போட்ட நாடகம் வேண்டுமென்றால் வேறு உதாரணம் தருகிறேன். 2021 பிப்ரவரியில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் பாடகி ஃபீபி பிரிட்ஜர்ஸ் கிதாரை மேடையில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் ஓங்கி ஓங்கி அடித்தார். பறந்த தீப்பொறி முன்னேற்பாடு. கிதாரோ உடையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூத்த பாடகர் டேவிட் கிராஸ்பி கண்டபடி சாடினார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. திட்டம் போட்டதாலேயே ஒன்று போலியாகிவிடாது. ஆனால் அதன்மேல் நீங்கள் சந்தேகப்பட்டிருந்தால் நியாயம் என்றாவது சொல்லியிருப்பேன்.

‘சரக்கு’ விஷயத்துக்கு வருவோம். அவர்கள் பாடியது ‘சீசன்ஸ்’. பிட்ச்ஃபோர்க், என்.எம்.இ. ஆகிய இசை இதழ்கள் இரண்டுமே 2014-ன் சிறந்த பாட்டாக அதைத்தான் தேர்ந்தெடுத்தன. அந்த வீடியோ கிளப்பிய பரபரப்பு இதற்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆல்பத்தில் இருப்பது அடக்கமான பதிவு. இடுப்பு தெரியாது, மார்பில் குத்துவது தெரியாது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை ஒருமுறை கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பாட்டையே திட்டி எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.