ஒப்பீடு சரியா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: தன்பாலின இணையரின் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்கிறது 2012-இல் அமெரிக்காவில் வந்த சமூகவியலாளர் மார்க் ரெக்னரஸின் ஆய்வு. அப்படியில்லை என்கின்றன வேறு ஆய்வுகள். எதை நம்புவது?

பதில்: முடிவைப் படிப்பதற்கு முன், யாரை யாரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரெக்னரஸ் தேடியது, தாய்க்கோ தந்தைக்கோ எப்போதாவது தன்பாலின உறவு இருந்ததாகச் சொன்னவர்களை. தாய்க்கு இருந்ததாக 163 பேர், தந்தைக்கு இருந்ததாக 73 பேர். முதல் தொகுப்பில் தாயோடும் அவருடைய இணையோடும் மூன்று ஆண்டுகளாவது ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் 23 சதவீதம்தான். பலர் பெற்றோரின் மணமுறிவைக் கண்டவர்கள். இவர்களை, பெற்றோர் கடைசிவரை பிரியாத குடும்பங்களில் வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டார். அளக்கப்பட்டது குடும்பம் உடைந்ததன் விளைவு. பழி விழுந்தது தன்பாலின உறவின் மேல். இது சின்னக் குறையல்ல.

2015-இல் செங், பவல் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் அதே தரவை மறுபடி அலசினார்கள். தந்தைக்கு ஆண் துணை இருந்ததாகச் சொன்ன 25 வயது இளைஞர் ஒருவர் தன் உயரம் 7 அடி 8 அங்குலம், எடை 40 கிலோ, எட்டுத் திருமணம், எட்டுப் பிள்ளைகள் என்றும் எழுதியிருந்தார்! இப்படிப்பட்டவர்களை நீக்கி, தவறாக வகைப்படுத்தப்பட்டவர்களையும் சரிசெய்தபோது வேறுபாடுகளில் பெரும்பாலானவை கரைந்துபோயின.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பின்தங்கவில்லை என்று சொன்ன தொடக்ககால ஆய்வுகள் பல, தாமாக முன்வந்த சில டஜன் குடும்பங்களோடு நின்றவை. அவற்றை வைத்து எல்லோரையும் பற்றிப் பேச முடியாது. இந்தக் குறை நெதர்லாந்தின் மக்கள் பதிவேட்டை வைத்து 2020-இல் வந்த ஆய்வில் இல்லை. பிறந்ததிலிருந்தே தன்பாலினப் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகள் தொடக்கப்பள்ளித் தேர்வில் சற்று மேலாகவே மதிப்பெண் எடுத்தார்கள். அந்தப் பெற்றோரின் வருமானமும் படிப்பும் கூடுதல் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் தன்பாலின இணையர் எத்தனை பேர் என்பதிலேயே ஏன் குழப்பம்?

பதில்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் பாலினக் கட்டத்தைச் சிலர் தவறுதலாக மாற்றிக் குறிப்பதால். ஆண்-பெண் தம்பதியர் கோடிக்கணக்கில் இருப்பதால், அவர்களில் மிகச் சிலர் பிழையாகக் குறித்தாலே சிறிய தொகுப்பு வீங்கிவிடும். 2010 கணக்கெடுப்பில் முதலில் கிடைத்தது சுமார் 9.02 லட்சம் குடும்பங்கள். பெயர்களைப் பாலினக் குறிப்போடு ஒத்துப்பார்த்துத் திருத்தியபின் 6.46 லட்சம். வீங்கிய தொகுப்பில் ஆண்-பெண் தம்பதியரும் கலந்திருப்பதால், அதை வைத்துக் கணக்கிடும் வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாமே பிசகும்.